உள்ளே, நாற்பது மைக்ரான்

எர்ணாவூர் மேம்பாலத்துக்குப் பக்கம்
மாவு மில்லுக்கு மேலே ஒற்றை அறை.
ஜன்னலெல்லாம் மஞ்சள் தாள் ஒட்டினோம்;
நீல வெளிச்சம் பட்டால் பூச்சு கெட்டுவிடும்.
மிளகாய் அரைக்க வந்தவள் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:
"இன்னாக்கா, மேல யாருக்குனா மஞ்சக்காமாலையா?"

ஒரு கண்டெய்னர் லாரிக்கும் அடுத்ததற்கும் நடுவில்
தரை பதினோரு விநாடி சும்மா இருக்கும்.
அதற்குள் விளக்கைப் போட்டு அணைக்க வேண்டும்.
டெல்பின் எண்ணுவாள்.
நான் சுவிட்சைத் தட்டுவேன்.

கழுவி எடுத்தால் தகட்டில் பத்தொன்பது குட்டித் தூண்கள்:
நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, அதையும் சுற்றிப் பன்னிரண்டு.
கால் மில்லிமீட்டர் அகலம், தட்டைத் தலை.
தூணால் எதையும் பார்க்க முடியாது.
நூற்று ஐம்பது டிகிரி சூடு காட்டணும்.
அப்போது விளிம்பு இளகி, முனை மழுங்கி
வெந்த இட்லி மாதிரி உப்பி வரும்.
யாரும் தேய்க்கவில்லை, வளைக்கவில்லை.
உருகியது எதுவும்
தன் பரப்பைக் குறைத்துக்கொள்ளப் பார்க்கும்,
அவ்வளவுதான்.

ஏழாவது தகட்டில், வெளிவட்டத்து லென்ஸ் ஒன்றில், ஒரு புள்ளி.
டெல்பின் திட்டினாள்,
அனல் மின் நிலையத்தை, காற்றை, என் தலைமுடியை.
பெரிதாக்கிப் பார்த்தோம்.
முடி இல்லை. உருண்டை.
ஒரு கீறலும் இல்லாத கண்ணாடி உருண்டை,
எங்கள் பல்பைத் தலைகீழாக
வயிற்றில் வைத்துக்கொண்டு.
கொதிகலனில் உருகி, பறக்கும்போதே உருண்டு
இறுகிப்போன சாம்பல்.
நாங்கள் நான்கு மாதம் முக்கியதை
நிலக்கரி போகிறபோக்கில் செய்கிறது,
டன் கணக்கில் செய்து
மாடியில் காயும் துணிமேல் போட்டுவிட்டுப் போகிறது.
பொறாமையாக இருந்தது.
சொல்லக் கூடாது. ஆனாலும் இருந்தது.

எட்டாவது தகட்டுக்கு மருந்து இல்லை. பாட்டில் காலி.
ஏழாவதையே கேமராவுக்கு முன்னால் பொருத்தினோம்.

முகத்துவாரத்தில் கையால் இறால் தடவும் பொம்மி
குளிர்பான பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தாள்.
ஒரு சொட்டு. அதில் ஒரு குஞ்சு,
உடம்புக்கு நடுவில் கறுப்பாக ஏதோ.
போன தடவை அலுவலகத்தில் ஒருவர்
டீயை ஆற்றியபடி சொன்னார்,
"மேல ஒட்டியிருக்கும்மா."
மேலா, கீழா, உள்ளேயா?
சாதா மைக்ராஸ்கோப்பில் எல்லாம் ஒரே தட்டை.
ஃபோகஸைத் திருகுவதற்குள்
குஞ்சு வேறு ஊருக்குப் போய்விடும்.

இப்போது ஒரே கிளிக். பத்தொன்பது படம்.
தண்ணி லாரிச் சண்டையைப்
பத்தொன்பது வாசலிலிருந்து பார்த்தவர்கள் மாதிரி.
ஒருவரும் பொய் சொல்லவில்லை,
நின்ற இடம்தான் வேறு.
படத்துக்குப் படம்
முதுகு ஒரு கணக்கில் நகர்கிறது,
குடல் ஒரு கணக்கில் நகர்கிறது.
புள்ளி யாரோடு போகிறது என்று பார்த்தால் போதும்.

குடலோடு.
ஒன்று, இரண்டு, ஏழு, பதினொன்று,
பதினெட்டுப் படத்திலும் குடலோடு.
பத்தொன்பதாவது லென்ஸ் மட்டும்
வாயே திறக்கவில்லை.
அதன் வயிற்றிலும் அதே சாமான்.

முதுகுத் தோலுக்கு நாற்பது மைக்ரான் கீழே
என்று அறிக்கையில் எழுதினேன்.
குறிப்பு: ஒரு லென்ஸ் பழுது.
காரணம் எழுதச் சொன்னாள் டெல்பின்.
எழுதினேன்.

பொம்மி திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.
கையில் சேறு காய்ந்து வெடித்திருந்தது.
"கண்ணாடியா துன்னுது?"
"ம்."
"அத்த துப்பாதா?"
துப்பலாம். சில துப்பும் என்று படித்திருக்கிறேன்.
இது துப்புமா தெரியவில்லை.
கீழே மில் ஓட ஆரம்பித்தது.
பத்தொன்பது படமும் சேர்ந்து நடுங்கின.
பாட்டிலைக் கழுவித் தரச் சொல்லி
அவள் அங்கேயே நின்றாள்.